ஊசிக்கு ஒரு வாசல், பாலுறவுக்கு இன்னொரு வாசலா?

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும், கேள்விப் படிவங்களை எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பொதுச் சுகாதார ஆய்வாளர். போதைப்பொருள் எடுத்துக்கொள்பவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்: ஊசி வழி அபாயமும் பாலுறவு வழி அபாயமும் ஒரே ஆளுடைய வாழ்க்கையில் சேர்ந்தே இருக்கின்றன, நாமோ இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்துக்காக எங்களிடம் ஒரு கேள்விப் படிவம் கொடுத்தார்கள். கடந்த ஆறு மாதங்களில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் அடுத்து வருவதெல்லாம் சிரிஞ்சைப் பற்றிய கேள்விகள். அவை முடிந்ததும் 'பகுதி 5-க்குச் செல்லவும்' என்று ஒரு வரி. இடையில் தாண்டிப் போகிற பகுதி 4தான் பாலுறவு பற்றியது. ஏன் அதைத் தாண்ட வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பகுதி வேறு இலக்குக் குழுவுக்கு உரியது, இவர்களுக்கு ஊசி பற்றிய தகவல் போதும் என்று பதில் வந்தது.

அந்தப் படிவத்தோடு நான் பேசியவர்களில் ஒரு பெண். கேள்விகளை முடித்துவிட்டுப் படிவத்தை மடிக்கப் போனேன். "அவ்வளவுதானா? அவரைப் பத்தி ஒண்ணும் கேக்கலியே?" என்றார். மடித்ததைத் திரும்பவும் விரித்து வைத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். சரக்கை வாங்குவது அவருடைய துணைவர். கரைப்பதும் அவரே. முதலில் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சால் இவர் கையில் போடுவார். தானே போட்டுக்கொள்ள இவருக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. துணைவர் சிறையில் இருந்த மாதங்களில் இன்னொருவர் சரக்கு கொடுத்தார். அதற்கு ஈடாக அவரோடு படுக்க வேண்டியிருந்தது. ஆணுறை என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டிரு என்று பதில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தகவலைக் கணினியில் ஏற்றுபவர் முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆய்வின் அறிக்கையில் இந்தப் பெண் 'சிரிஞ்சைப் பகிர்ந்தவர்' என்கிற ஒற்றை எண்ணாக நிற்கிறார். அவருக்குக் கிடைத்த உதவி ஒரு பை நிறையப் புது சிரிஞ்சுகள். போட்டுக்கொள்ளவே தெரியாதவருக்கு அவற்றால் என்ன பயன்? பையை வாங்கிப் போய் துணைவரிடம் கொடுத்தார். முதல் ஊசி வழக்கம்போல் அவருக்கே.

இது ஒரே ஒரு பெண்ணின் கதை இல்லை. ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களில் பலர் ஆணின் கையால் போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் இரண்டாவது ஆளாக. தம்பதிகளுக்குள் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்துவதை அவர்கள் பகிர்வதாகவே நினைப்பதில்லை. பகிர்வது என்றால் வெளியாளோடு செய்வது, இவர் என் ஆள் என்பார்கள். எனக்குத் தனி சிரிஞ்ச் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று ஆண் கேட்பான். ஆணுறையைப் போட்டுக்கொள் என்றாலும் அதே கேள்விதான் வரும். அந்த ஒரே வாக்கியத்தை ஊசி பேச்சிலும் படுக்கைப் பேச்சிலும் நான் கேட்டிருக்கிறேன். தடை ஒன்றாக இருக்கும்போது அதைத் தாண்ட உதவும் திட்டங்கள் மட்டும் ஏன் இரண்டு கட்டடங்களில் இருக்கின்றன?

இந்த நோயைப் பற்றிய முதல் குறிப்பிலேயே இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த 5 இளைஞர்களின் அபூர்வ நிமோனியா பற்றி ஒரு சிறு அறிக்கை வந்தது. ஐந்து பேரும் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்கள் என்பதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஐந்து பேருமே மூச்சில் இழுக்கும் போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள், ஒருவர் ஊசியும் போட்டுக்கொண்டவர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எச்.ஐ.வி. என்ற பெயரே பிறக்காத நாளில், காரணம் என்னவென்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த மருத்துவர்கள் இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறார்கள். எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கேட்டார்கள். நமக்குத் தெரிந்த பிறகு பாதியோடு நிறுத்திக்கொண்டோம்.

நாம் எண்ணும் முறையிலும் இந்தப் பிரிவினை ஏறிவிட்டது. அமெரிக்காவின் எச்.ஐ.வி. கண்காணிப்புக் கணக்கில், தொற்று எந்த வழியில் வந்தது என்பதற்கு ஒருவருக்கு ஒரு வகைதான். ஒரு பெண் ஊசியும் போட்டுக்கொண்டார், ஆணோடு உறவும் இருந்தது என்றால் அவர் 'ஊசி' என்ற வகையில் போய் விழுவார். ஆண்களோடு உறவு கொண்டு ஊசியும் போட்டுக்கொண்ட ஆண்களுக்கு மட்டும் சேர்ந்த வகை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு ஊசிதான் முந்திக்கொள்ளும். அது யார் மீதும் உள்ள வன்மத்தால் வந்த விதி அல்ல, கணக்கை எளிதாக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நிதி பிரிகிறது. 'ஊசி' என்ற தலைப்பில் நிதி வந்தால் சிரிஞ்ச் வாங்கலாம், பால்வினை நோய்ப் பரிசோதனைக்குச் செலவழிக்க முடியாது என்கிற நிலைமையை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் 1988இல் தொடங்கி ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பத்து வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். புதிதாகத் தொற்று வந்த பெண்களிடம் ஊசிப் பழக்கத்தைவிடப் பாலுறவு சார்ந்த காரணங்களே தூக்கலாகத் தெரிந்தன. ஆண்களில் மற்ற ஆண்களோடு உறவு கொண்டவர்களுக்கு அபாயம் கூடுதல். சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2001இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களில் முந்தைய ஒரு வருடத்தில் பணத்துக்காக உறவு கொண்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிடக் கிட்டத்தட்ட 9 மடங்கு. எல்லோரும் ஊசி போட்டுக்கொள்பவர்கள்தான், ஊசியை மட்டும் கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலைக் காட்டி யாரும் சிரிஞ்ச் விநியோகத்தைக் குறைக்க வேண்டாம். பழைய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் ஊசி மாற்று மையங்கள் உயிர் காப்பவை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1990இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு சிரிஞ்சிலும் அடையாள எண் போட்டு, திரும்பி வந்தவற்றைச் சோதித்தார்கள். அந்தத் தகவலை வைத்துக் கணித்தபோது பயனாளிகளிடையே புதிய தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று தெரிந்தது. ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 54 சதவீதம் குறைவு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012இல் சொன்னார்கள்.

மையம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஸ்காட் என்ற மாவட்டம் சாட்சி. வருடத்துக்கு 5 பேருக்கும் குறைவாகவே புதுத் தொற்று தெரியவந்த இடம் அது. 2015இல், சுமார் 4,200 பேர் வாழும் ஒரு சிற்றூரைச் சுற்றி 181 பேருக்குத் தொற்று உறுதியானது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதில் பரவியது. அப்போது அந்த மாநிலத்தில் ஊசி மாற்று மையம் நடத்துவது சட்டவிரோதம். அவசர நிலை அறிவித்த பிறகுதான் அனுமதி வந்தது. அந்தப் பரவலை அடக்கப் போன ஊழியர்கள் தொற்று வந்தவர்களிடம் யாரோடு சிரிஞ்சைப் பகிர்ந்தீர்கள் என்றும் யாரோடு உறவு கொண்டீர்கள் என்றும் கேட்டுத்தான் அடுத்தடுத்த ஆட்களைத் தேடிப் போனார்கள். நெருக்கடி வந்ததும் இரண்டு கேள்விகளும் தானாகவே சேர்ந்துகொண்டன. நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அங்கே வேலை செய்துகொண்டிருந்த மையத்தையும் 2021இல் மூட முடிவெடுத்தார்கள் என்பதை இன்றும் வேதனையோடுதான் நினைக்கிறேன்.

ஊசியே இல்லாத அபாயம் இன்னொரு பக்கம் இருக்கிறது. நம் திட்டங்களின் அடித்தளம் ஹெராயினைச் சுற்றிப் போடப்பட்டது. ஹெராயினுக்கு மாற்று மருந்து இருக்கிறது. மெத்தாம்பெட்டமின், கொகெய்ன் மாதிரியான ஊக்கிகளுக்கு அப்படி நிலைபெற்ற மாற்று மருந்து எதுவும் இல்லை. கொகெய்னை ஊசியில் எடுப்பவர்கள் ஒரே நாளில் பல முறை போட்டுக்கொள்வார்கள், கையில் இருக்கும் சிரிஞ்சுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1990களின் நடுவில் கனடாவின் வான்கூவரில் பெரிய ஊசி மாற்று மையம் இயங்கிக்கொண்டிருந்தபோதே எச்.ஐ.வி. வேகமாகப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெத்தாம்பெட்டமினைப் புகைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அது பாலுறவோடு சேர்ந்த பழக்கம். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நீளும். மென்மையான தோல் வறண்டு கிழியும், ஆணுறை மறந்துபோகும், ஏற்கனவே எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையைத் தவறவிடுவார்கள்.

அப்படி ஒருவர் மறுநாள் எங்கே போவார்? பால்வினை நோய்ச் சிகிச்சையகத்துக்குப் போனால் போதைப்பொருள் பற்றிக் கேட்க ஆளில்லை. கேட்டாலும், அதை விட்டுவிட்டு வாங்க என்பார்கள். ஊசி மாற்று மையத்துக்குப் போனால், நீங்கள் ஊசி போடுவதில்லையே என்பார்கள். இரண்டு வாசல்களிலும் நின்று திரும்பி வந்தவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்களுக்கு யார் மேலும் கோபம் இல்லை. தங்களுக்கு என்று எதுவும் கிடையாது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் என்னை அதிகம் பாதிக்கிறது.

மருந்துகளைப் பற்றிய செய்தியிலும் இதே இடைவெளி உண்டு. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று, 1,763 தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் காட்டியது. 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும் தம்பதிகளிடையே ஆணுறை இல்லாமல் நடந்த சுமார் 58,000 உறவுகளைக் கணக்கெடுத்தார்கள். மருந்தால் ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. எத்தனையோ வீடுகளில் பயத்தை நீக்கிய முடிவு அது. ஆனால் அது பாலுறவைப் பற்றிய முடிவு. சிரிஞ்சைப் பகிரும்போதும் அப்படித்தான் என்று யாரும் அந்த அளவுக்குச் சோதித்து நிறுவவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், அதனால் சிரிஞ்சைக் கொடுத்தால் பரவாயில்லை என்று ஒருவர் என்னிடம் நம்பிக்கையோடு சொன்னார். யாரோ ஒரு ஆலோசகர் பாதிச் செய்தியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆலோசகரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை செய்யும் அறையின் கதவில் எழுதியிருந்தது அந்தப் பாதி மட்டும்தான்.

சரி, சேர்த்துக் கேட்டால் மக்கள் சொல்வார்களா என்று உங்களில் பலர் கேட்பீர்கள். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1995இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஒரு பகுதியினருக்குத் தாளில் கேள்விகளைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கணினி வழியாகக் காதுபேசியில் கேள்வியைக் கேட்கவைத்து, தாங்களே விடையை அழுத்தச் சொன்னார்கள். இன்னொரு ஆணோடு உறவு இருந்ததாகத் தாளில் சொன்னவர்கள் 1.5 சதவீதம், கணினியில் சொன்னவர்கள் 5.5 சதவீதம். ஒரே கேள்விதான், கேட்ட விதம் மட்டும் வேறு.

கருவி இல்லாவிட்டாலும் சொற்களால் நிறையச் செய்யலாம். பாலியல் தொழில் செய்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும், அது பொய்யும் இல்லை. கடந்த மாதம் நீங்கள் உறவு கொண்டவர்களில் யாராவது உங்களுக்குப் பணமோ சரக்கோ தங்க இடமோ கொடுத்தார்களா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சிரிஞ்சைப் பகிர்ந்தீர்களா என்றாலும் இல்லை என்பார்கள். கடைசியாகப் போட்டுக்கொண்டபோது யார் கரைத்தார், எத்தனை பேர் ஒரே கரண்டியில் எடுத்தீர்கள், வடிகட்டிய பஞ்சு யாருடையது, யார் யாருக்குப் போட்டுவிட்டார் என்று கேளுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி அந்தக் கரண்டியிலும் பஞ்சிலும்தான் காத்திருக்கிறது. 'வழக்கமாக' என்று கேட்காமல் 'கடைசியாக' என்று கேளுங்கள். வழக்கம் என்றால் எல்லோரும் நல்ல நாளைத்தான் சொல்வார்கள். துணைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தால் அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்காதீர்கள். இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், அல்லது துணைவருக்கு வேறு ஒரு ஊழியரோடு வேறு அறையில் வேலை கொடுங்கள். இதெல்லாம் பேட்டி எடுக்கும் ஊழியர்களுக்கு நன்றாகவே தெரியும். படிவம் எழுதும் நாளில் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

கேட்டு வாங்கிய பதிலைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையதுதான். சிரிஞ்ச் கையில் இருந்ததே குற்றத்துக்கு ஆதாரம், பையில் ஆணுறை இருந்ததே தொழிலுக்கு ஆதாரம் என்று காவலர்கள் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைக்கிறோம் என்றால் அந்தத் தாள் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய தாள். போதைப்பொருள் ஆய்வில் பங்கேற்பவர்களின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் தர மறுக்க ஆய்வாளர்களுக்கு அமெரிக்காவில் 1970இலேயே சட்டம் பாதுகாப்பு கொடுத்தது. அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத இடத்தில் பெயரையும் பதிலையும் ஒரே கோப்பில் வைக்கவே கூடாது. சேர்த்துக் கேளுங்கள் என்று நான் வாதாடுவதற்கு இது முன் நிபந்தனை. ரகசியத்துக்கு உறுதி தர முடியாதவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பணம் எங்கே என்ற கேள்வியும் வரும். புதுக் கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் ஆகிய நாடுகளில் ஊசி போட்டுக்கொள்ளும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில் செய்தது மிகவும் எளிது. ஒரு குழுவில் மட்டும், இருக்கிற சிகிச்சைகளுக்கு வழிகாட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு துணை ஆள், அதோடு ஆலோசனை. எச்.ஐ.வி. மருந்து எங்கே, மாற்று மருந்து எங்கே, வரிசை எது, தாள் எது என்று அந்தத் துணை ஆள் பார்த்துக்கொண்டார். அந்தக் குழுவில் இறப்பு மற்றக் குழுவைவிடப் பாதியாகக் குறைந்தது. பிரிந்து கிடக்கும் சேவைகளை இணைக்க ஒரு மனிதர் போதுமாக இருந்திருக்கிறார். உங்கள் மையங்களில் அந்த வேலையை ஏற்கனவே சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களே ஒரு காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்குப் பதவியும் ஊதியமும் கொடுங்கள். சிரிஞ்ச் கொடுக்கும் மேசையிலேயே ஆணுறையும் பால்வினை நோய்ப் பரிசோதனையும் கருத்தடையும் கிடைக்கட்டும். பால்வினை நோய்ச் சிகிச்சையகத்தின் அலமாரியில் ஒரு பெட்டி சிரிஞ்ச் இருக்கட்டும். பெண்கள் மட்டும் வரும் நேரம் ஒன்றை ஒதுக்கி, தானே பாதுகாப்பாகப் போட்டுக்கொள்வது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கடைசி யோசனை உங்களில் பலரைச் சங்கடப்படுத்தும் என்று தெரியும். இன்னொருவர் கையை எதிர்பார்த்து இரண்டாவது ஆளாகக் காத்திருப்பதுதான் அவர்களுக்கு இருக்கும் மாற்று வழி.

அந்தப் பெண்ணை இன்னொரு முறை பார்த்தேன். பரிசோதனை செய்துகொண்டாராம், முடிவை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தத் தடவை புதுப் படிவமா என்று மட்டும் கேட்டார். அதே படிவம்தான் என் கையில் இருந்தது.

அடுத்த படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் 'பகுதி 5-க்குச் செல்லவும்' என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். பகுதி 4-ஐக் கேட்க உங்கள் ஊழியர்களுக்குத் தயக்கம் இருந்தால் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். என்னோடு களத்தில் வேலை செய்யும் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஊசியை விட்டுப் பல வருடங்கள் ஆனவர், மற்றவர் இன்னும் விடாதவர். அவர்கள் இருவருக்கும் ஊதியம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொதுச் சுகாதார ஆய்வாளர்